இரைப்பையிலே ஒரு சாளரம்

நாள்தோறும் நாம் உண்கிறோம். உண்ட கவளம் தொண்டையைக் கடந்தபின் அதற்கு யாது நேர்கிறது என்பதை நம்முள் எவரும் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் இன்று கீழ்வகுப்பிற் பயிலும் மாணவனும், “இரைப்பையில் ஒரு சாறு சுரக்கிறது, அதில் ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டு, அது உணவைச் சமிக்கச் செய்கிறது” என்று தடையின்றி ஒப்புவித்துவிடுவான். மூன்று சிறு வாக்கியங்கள். இவற்றை மனித உடலிலே நேரிற் பார்த்து நிலைநாட்டுவதற்கு ஒரு வைத்தியரின் எட்டாண்டுக்கு மேற்பட்ட உழைப்பும், ஓர் ஏழைத் தொழிலாளியின் ஆயுட்காலத் துன்பமும் விலையாகக் கொடுக்கப்பட்டன. அவ்வைத்தியர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படையிலே எல்லைப்புறக் கோட்டைகளில் ஊழியம் புரிந்த ஓர் இராணுவ வைத்திய அதிகாரி. வில்லியம் போமன்ற் என்பது அவர் பெயர். தொழிலாளியின் பெயர் அலெக்சிஸ் சென் மாட்டின். இவ்விருவருடைய வரலாற்றையும் ஒன்றைவிட்டு மற்றொன்றைக் கூறுதல் இயலாது.

போமன்ற் 1785 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21 ஆந் திகதி கனெற்றிக்கற் மாநிலத்தில் லெபனன் என்னும் ஊரில் ஒரு கமக்காரரின் மகனாகப் பிறந்தார். இளமையில் அவர் பெற்ற கல்வி மிகச் சிறிது. இருபத்தொரு வயதளவில், தந்தையின் நிலத்திலே காலங்கழிக்க மனமின்றி, ஒரு குதிரையும் பனிச்சறுக்கு வண்டியும், ஒரு பீப்பாய் ஆப்பிட்பழ மதுவும், நூறு டொலர் பணமும் கொண்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நியூயோர்க் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள சம்பிளேன் என்னும் ஊரை அடைந்து, அங்கே பள்ளியாசிரியராக அமர்ந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்வதும், ஓய்வு நேரத்தில் இரவல் வாங்கிய வைத்திய நூல்களைப் படிப்பதுமாக மூன்றாண்டுகள் கழிந்தன.

அக்காலத்து அமெரிக்காவில் வைத்தியராவதற்குக் கல்லூரிப் பட்டம் இன்றியமையாததன்று. அனுபவமுள்ள ஒரு வைத்தியரை அடுத்து, அவர் வீட்டிலே தங்கி, மருந்து அரைத்தும் கட்டுக்கள் கட்டியும் நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது உடன் சென்றும் தொழிலைப் பழகலாம். நம் நாட்டுப் பரம்பரை வைத்தியர்களிடம் மாணாக்கர் பயின்ற முறையும் ஏறக்குறைய இதுவேயன்றோ! போமன்ற் வேர்மொன்ற் மாநிலத்திலுள்ள சென் ஓல்பன்ஸ் என்னும் ஊரில் பெஞ்சமின் சாண்ட்லர் என்ற வைத்தியரிடம் இவ்வாறு பயின்றார். கண்டதைக் கண்டவாறே குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் அவரிடத்து அக்காலத்திலேயே வேரூன்றியது. 1812 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வைத்தியத் தொழில் செய்வதற்கு அவருக்கு உத்தரவுப் பத்திரம் கிடைத்தது. அதே மாதத்தில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே போர் மூண்டது. போமன்ற் ஆறாங் காலாட்படையில் உதவிச் சத்திரவைத்தியராகச் சேர்ந்தார்.

போர்க்களமே அவருக்குக் கல்லூரியாயிற்று. 1813 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்கப் படை கனடாவிலுள்ள யோர்க் நகரைத் தாக்கியது. இன்று ரொறன்ரோ எனப் பெயர் பெற்று விளங்கும் நகரம் அதுவே. பின்வாங்கிய பிரித்தானியர் தம் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தபோது கற்களும் மரங்களும் வானில் எழுந்து, முன்னேறி வந்த அமெரிக்க வீரர்மீது மழைபோற் சொரிந்தன. காயமுற்றோரின் கைகால்களை அறுத்தும் உடைந்த மண்டையோடுகளைத் திறந்தும் உணவும் உறக்கமுமின்றிச் சத்திரவைத்தியர்கள் தொழில் செய்ததை அவருடைய நாட்குறிப்பு விவரிக்கின்றது. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். இரத்தத்தைக் கண்டு அஞ்சாத மனமும், பெருங் காயத்தையும் நம்பிக்கையோடு அணுகும் துணிவும் அவருக்கு அங்கே வாய்த்தன.

போர் முடிந்ததும் 1815 இல் படையை விட்டு விலகிப் பிளாற்ஸ்பேர்க் என்னும் ஊரிலே தனியாகத் தொழில் செய்தார். ஆனால் போரிற் பழகிய நண்பரான யோசப் லவெல் என்பார் 1818 இல் இராணுவ வைத்தியப் பகுதியின் தலைவராக நியமனம் பெற்றார். அவருடைய ஆதரவால் போமன்ற் மீண்டும் படையிற் சேர்ந்து, 1820 இல் மக்கினோ தீவிலுள்ள கோட்டைக்கு வைத்திய அதிகாரியாகச் சென்றார்.

கியூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் நீரிணையில் உள்ள சிறு தீவு மக்கினோ. நீர்நாய் முதலிய விலங்குகளின் மென்மயிர்த் தோல்களை வாங்கி விற்கும் அமெரிக்கத் தோல் வணிகக் கம்பனிக்கு அதுவே நடுநிலையம். மாரிகாலத்தில் ஏரிகள் உறைந்து, தீவு வெளியுலகத் தொடர்பின்றிக் கிடக்கும். கோடை பிறந்ததும் காடுகளிலிருந்து செவ்விந்திய வேட்டைக்காரரும், தோணிகளிலே தோற்பொதிகளை ஏற்றிவரும் பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கிலே வந்து கூடுவர். இத்தனை மக்களுக்கும் அயலிலே இருந்த வைத்தியர் கோட்டையின் இராணுவ அதிகாரி ஒருவரே.

1822 ஆம் ஆண்டு யூன் மாதம் 6 ஆந் திகதி காலை. கம்பனியின் பண்டசாலையிலே கூட்டம் நிறைந்திருந்தது. ஒருவர் கையிலிருந்த துவக்கு தற்செயலாக வெடித்தது. அதில் வாத்துச் சுடுவதற்கான சன்னங்கள் இடப்பட்டிருந்தன. ஒரு யார் தூரங்கூட இல்லாத இடத்தில் நின்ற அலெக்சிஸ் சென் மாட்டின் என்ற தோணிக்காரன் இடது விலாவிலே குண்டு பாய்ந்து விழுந்தான். அவனுக்கு வயது இருபது அளவில் இருக்கும். போமன்ற் வந்து பார்த்தபோது, கையளவு அகலமான காயத்தினூடாக நுரையீரலின் ஒரு பகுதி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரைப்பையின் ஒரு பகுதி கிழிந்து, காலையில் உண்ட உணவு அத்துளையின் வழியே வடிந்துகொண்டிருந்தது. விலாவெலும்புகள் நொறுங்கியிருந்தன. இவன் பிழைப்பான் என்று அங்கு நின்றோர் எவரும் நம்பவில்லை, வைத்தியரும் நம்பவில்லை. எனினும் அவர் கைவிடவில்லை. காயத்தைத் துடைத்து, துருத்திக்கொண்டு நின்ற எலும்பு முனையைப் பேனாக் கத்தியாற் சீவி, வெளித்தள்ளிய உறுப்புக்களை உள்ளே செலுத்திக் கட்டினார்.

பதினேழு நாட்கள்வரை வாயால் உண்டது யாவும் துளை வழியே வெளிவந்துவிட்டது. ஆகையால் மலவாயில் வழியாக ஊட்டநீரைச் செலுத்தி அவன் உயிரைக் காத்தார். பின்னர், காயத்தை இறுகக் கட்டியதும் உணவு உள்ளே தங்கலாயிற்று. மாதக்கணக்காக உடைந்த எலும்புத் துண்டுகளும் துணித் துணுக்குகளும் காயத்திலிருந்து வெளிப்பட்டன. காயம் மெல்ல ஆறியது. ஆனால் ஆறியவாறு விசித்திரமானது. இரைப்பையின் விளிம்பு மார்புச் சுவரோடு ஒட்டி வளர்ந்தது, துளை மூடவில்லை. அதனை மூடுவதற்கு வைத்தியர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஊசியால் தைத்து மூடுவதற்கு நோயாளி உடன்படவில்லை. நாளடைவில் இரைப்பையின் உட்புறத்திலிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து, கதவுபோல அத்துளையை உள்ளிருந்தே மறைத்தது. விரலால் அழுத்தினால் அக்கதவு திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

இதற்கிடையில், 1823 ஆம் ஆண்டு வசந்தத்தில், அவ்விடத்து அதிகாரிகள் அவனைப் பராமரிக்க இனிப் பணமில்லை என்று கைவிரித்து, ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலுள்ள அவன் பிறந்த நாட்டுக்குத் திறந்த தோணியில் அனுப்பிவிடத் தீர்மானித்தனர். ஆறாத காயத்தோடு அத்தகைய பயணம் செய்தல் சாவுக்கே வழியாகும். போமன்ற் அவனைத் தம் வீட்டிலே ஏற்று, உணவும் உடையும் கொடுத்துப் பேணினார். மனைவியும் குழந்தையும் உடையவர். சிறிய சம்பளம் பெறுபவர். அவன் உடல் தேறியபின் வீட்டிலே விறகு பிளத்தல் முதலிய வேலைகளைச் செய்தான்.

ஏழைக்கு இரங்கிய நெஞ்சமோ, அரியதொரு வாய்ப்பைக் கண்டுகொண்ட அறிவோ, எது அவனை வீட்டுக்கு அழைத்து வரச் செய்தது என்னும் கேள்வி பிற்காலத்திற் பலராலும் எழுப்பப்பட்டது. அதற்கு விடை தேடுமுன், அவ்வாய்ப்பு எத்துணை அரியது என்பதை அறிதல் வேண்டும்.

சமிபாடு பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடி வந்தனர். உணவு வயிற்றுச் சூட்டிலே வேகின்றது என்றனர் சிலர். ஆட்டுக்கல்லில் அரைபடுவதுபோல இரைப்பையில் அரைபடுகின்றது என்றனர் சிலர். அழுகிப் புளிக்கின்றது என்றனர் வேறு சிலர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து றெயோமூர் என்பார் பருந்தை விழுங்கவைத்தும், இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி உணவு பொதிந்த சிறு பைகளைத் தாமே விழுங்கியும், உணவைக் கரைக்கும் ஒரு சாறு உண்டெனக் காட்டினர். 1823 இல் இலண்டனில் வில்லியம் பிரவுற் என்பார் விலங்குகளின் இரைப்பையில் உள்ள அமிலம் ஐதரோக்குளோரிக் அமிலமே என்று இரசாயன முறையால் அறிவித்தார். ஆயினும் வழக்கு முடியவில்லை. உயிருள்ள மனிதனின் இரைப்பைக்குள் உணவு படும் பாட்டைத் தொடர்ந்து பார்த்தவர் எவருமிலர். நூல்களும் ஆய்வுகூடங்களும் நிறைந்த நகரங்களிலே கிட்டாத அக்காட்சி, பனிசூழ்ந்த ஒரு தீவிலே, கல்லூரி காணாத ஒரு படை வைத்தியரின் வீட்டில், விறகு பிளந்துகொண்டிருந்தது!

போமன்ற் முதலிலே இந்நோயாளியின் வரலாற்றை எழுதித் தலைவர் லவெலுக்கு அனுப்பினார். அது 1825 இல் ஒரு வைத்திய சஞ்சிகையிலே வெளிவந்தபோது, தவறுதலாக லவெல் பெயரையே தாங்கி வந்தது. லவெல் அத்தவற்றைப் பின்னர் நேர்செய்ததோடமையாது, தொடர்ந்து ஆராயுமாறு போமன்றை ஊக்கினார். நல்ல மேலதிகாரி ஒருவர் கீழுள்ளவரின் புகழைத் தமதாக்கிக் கொள்ளாமல் இருப்பதும் அறிவு வளர்ச்சிக்கு ஓர் உதவியே.

1825 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் முதலாந் திகதி நண்பகல் 12 மணிக்கு, போமன்ற் பட்டுநூலொன்றிலே சிறுசிறு உணவுத் துண்டுகளைக் கட்டினார். தாளிதமிட்ட மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, அவித்த மாட்டிறைச்சி, பழைய பாண், பச்சைக் கோவா ஆகியன அவை. துளை வழியே அவற்றை உள்ளே விட்டு, மணிக்கொருமுறை வெளியே இழுத்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் கோவாவும் பாணும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் மாறாமலிருந்தன. இரண்டாம் மணியில் கோவாவும் பாணும் பன்றிக்கொழுப்பும் அவித்த இறைச்சியும் நூலைவிட்டு மறைந்துபோயின. மற்றவை பெரிதும் மாறவில்லை. பின்னர் சென் மாட்டினுக்கு வயிற்றுவலியும் தலைவலியும் உண்டாயின. ஓரிரு நாட் கழித்து அதற்கான மருந்தையும் வைத்தியர் அத்துளையினூடாகவே இட்டார்.

ஒரு வாரங்கழித்து அவர் செய்த சோதனை இன்னும் சிறந்தது. வெப்பமானியை உள்ளே செலுத்தி, இரைப்பையின் வெப்பம் பரனைற் 100 பாகை எனக் கண்டார். பின் ஓர் இறப்பர்க் குழாயினால் ஓர் அவுன்ஸ் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் இட்டு, அதில் ஒரு துண்டு அவித்த மாட்டிறைச்சியைப் போட்டு, குப்பியை அதே 100 பாகை வெப்பமுள்ள நீரில் வைத்தார். அத்தகைய மற்றொரு துண்டை நூலிற் கட்டி இரைப்பையினுள்ளே தொங்கவிட்டார். உள்ளே விட்ட துண்டு இரண்டு மணி நேரத்தில் மறைந்தது. குப்பியில் இருந்த துண்டு பத்து மணி நேரத்திற் கரைந்தது. காலம் கூடியதேயன்றி நிகழ்ச்சி ஒன்றே. குப்பிக்கு உயிரில்லை, அது அரைக்கவும் மாட்டாது. ஆகவே உணவைக் கரைப்பது அச்சாற்றின் இரசாயன ஆற்றலே என்பது ஐயத்துக்கிடமின்றி விளங்கிற்று. சாற்றைக் குளிரிலே வைத்தபோது அதன் ஆற்றல் நின்றது, சூடாக்கியபோது மீண்டது. எனவே வெப்பமும் வேண்டும். ஆனால் வெப்பமே சமிபாடன்று. எளிய குப்பி ஒன்றைக்கொண்டு பல நூற்றாண்டு வழக்கைத் தீர்த்த இம்முறை, விஞ்ஞானம் என்பது விலையுயர்ந்த கருவிகளின் பெயரன்று என்பதற்கு நல்ல சான்று.

ஆனால் அவ்வாண்டே போமன்ற் நயாகராக் கோட்டைக்கு மாற்றப்பட்டு, விடுமுறையிற் பிளாற்ஸ்பேர்க்குக்குச் சென்ற சமயம், சென் மாட்டின் சொல்லிக்கொள்ளாமல் எல்லை கடந்து கனடாவுக்குப் போய்விட்டான். அங்கே மணம் புரிந்து, இரு குழந்தைகளுக்குத் தந்தையாகி, மறுபடியும் தோணித் தொழிலிற் புகுந்தான். தோல் வணிகக் கம்பனியாரின் துணைகொண்டு அவனைத் தேடிக் கண்டுபிடித்து, 1829 இல் குடும்பத்தோடு மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பிரேரி டு சீன் என்னும் இடத்துக்குச் செலவுகொடுத்து வரவழைத்தார் போமன்ற். அப்பொழுது அவர் அங்குள்ள கோட்டையிலே கடமையாற்றினார். 1831 வரை சோதனைகள் தொடர்ந்தன. படை வைத்தியர்கள் யாவரும் தத்தம் இடத்துக் காலநிலையை நாள்தோறும் குறித்து வருதல் வேண்டும் என்பது லவெல் வகுத்த விதி. ஆகையால், வெயிலும் மழையும் இரைப்பையின் வெப்பத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் போமன்ற் ஆராய்ந்தார். பின்பு மனைவி ஊருக்குப் போக விரும்பியதால், சென் மாட்டின் குடும்பம் ஒரு திறந்த தோணியிலே மிசிசிப்பி, ஒகையோ ஆறுகள் வழியாகவும் பேரேரிகள் வழியாகவும் மொன்றியாலைச் சென்றடைந்தது. வயிற்றிலே துளையுடையவன் இத்தகைய நெடும்பயணத்துக்குத் துடுப்பு வலிக்குமளவு வலிமை பெற்றிருந்தான் என்பது வியப்பன்றோ!

1832 இல் இருவரும் ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஓராண்டுக்கு 150 டொலரும், உணவு, உடை, உறைவிடமும் சென் மாட்டினுக்குக் கிடைக்கும். சோதனைகளுக்கு அவன் உடன்படவேண்டும். எழுத்தறியாத அவன் தன் பெயருக்குப் பதிலாகச் சிலுவைக்குறி இட்டான். அன்றியும், செலவைக் குறைக்கும் பொருட்டு அவனைப் படையிலே சார்ஜன் பதவியிற் சேர்த்தனர். தலைநகராகிய வாசிங்டனில் 1833 வசந்தம்வரை சோதனைகள் நடந்தன. இரைப்பைச் சாறு குப்பிகளில் அடைக்கப்பட்டு, வேர்ஜீனியாவிலே டங்கிளிசன், யேல் கல்லூரியிலே சிலிமன் ஆகிய பேராசிரியர்களுக்கும், கடல் கடந்து சுவீடன் தேசத்துப் பெரும் இரசாயன அறிஞர் பேசீலியசுக்கும் அனுப்பப்பட்டது. டங்கிளிசன் அதில் ஐதரோக்குளோரிக் அமிலம் உண்டென உறுதி கூறினார்.

அவ்வாண்டிலே பிளாற்ஸ்பேர்க்கில் போமன்றின் நூல் அச்சாகி வெளிவந்தது. இரைப்பைச் சாறு பற்றிய சோதனைகளும் சமிபாட்டின் இயல்பும் என்பது அதன் பொருள். இருநூற்று முப்பதுக்கு மேற்பட்ட சோதனைகளின் குறிப்புக்களும், இறுதியில் 51 முடிவுகளும் அதில் உள்ளன. வெறும் வயிற்றிலே சாறு தேங்கி நிற்பதில்லை. உணவு வந்து தொட்டபின்னரே அது சுரக்கின்றது என்றார். சுரக்கும் சாற்றுக்கு ஓர் அளவுண்டு. அதற்கு மிஞ்சிய உணவு சமியாமற் கிடந்து வருத்தும் என்றார். ‘பசித்துப் புசி’ என்ற நம் பழமொழிக்கு இதனினும் நல்ல உரை வேண்டுமோ? கோபமும் மனக்கலக்கமும் சமிபாட்டைத் தடுப்பதைச் சென் மாட்டின் சினந்த வேளைகளிலே கண்டறிந்தார். மதுவகைகளை மிகுதியாகப் பருகியபோது இரைப்பையின் உட்புறம் சிவந்து புண்படுவதைக் கண்ணாற் கண்டு எழுதினார். குடித்தவனோ தனக்கு யாதொரு நோவும் இல்லை என்று கூறிக்கொண்டிருந்தான்! உணவுவகைகள் சமிக்கும் காலத்தை அட்டவணையாகவும் தந்தார். வெந்த சோற்றுக்கு ஒரு மணி. நன்றாக அவித்த முட்டைக்கு மூன்றரை மணி. வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி என்பன அவற்றுட் சில.

அவர் கூற்றுக்கள் யாவும் பிழையற்றவை அல்ல. பசி தோன்றும் காரணத்தை அவர் விளக்கியவாறு பின்னர் நிலைக்கவில்லை. ஒருவன் வயிற்றிலே கண்ட காலக்கணக்கு எல்லார்க்கும் பொருந்துவதுமன்று. ஆயினும், அமிலம் ஒன்றே போதாது, வேறொரு பொருளும் அச்சாற்றில் இருத்தல் வேண்டும் என்று அவர் எழுதியது மெய்யாயிற்று. 1836 இல் சேர்மனியிலே சுவான் என்பார் அப்பொருளைக் கண்டு பெப்சின் எனப் பெயரிட்டார். போமன்றின் நூல் 1834 இல் சேர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டது. 1838 இல் எடின்பரோவிலே மறுபதிப்பாயிற்று. துளையின் வழியே சமிபாட்டைக் காணலாம் என்ற பாடத்தை ஐரோப்பிய ஆய்வாளர் கற்று, நாய்களின் இரைப்பையிலே செயற்கைத் துளை செய்து ஆராயத் தலைப்பட்டனர். அம்முறையை மேலும் செப்பஞ்செய்து ஆராய்ந்த உருசிய அறிஞர் பவ்லோவ் 1904 இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சென் மாட்டின் 1834 இல் உறவினரைக் காணச் செல்வதாகக் கனடாவுக்குப் போனான். போமன்ற் வாழ்ந்த காலத்தில் மீண்டும் அவரிடம் வரவேயில்லை. அவர் கடிதமேற் கடிதம் எழுதினார், பணம் தருவதாகக் கூறினார், ஆளனுப்பினார். அவனோ குடும்பத்தோடு வருவதற்கும் கூலிக்கும் மேலும் மேலும் கேட்டான். அல்லது நோயென்றும் வேலையென்றும் சாக்குக் கூறினான். வைத்தியரின் எழுத்துக்களிலே அவனுடைய பிடிவாதமும் குடியும் நன்றியின்மையும் பேசப்படுகின்றன. அவற்றையே படிப்பவர்கள் அவனை நன்றி கொன்றவன் என்று தீர்ப்பளித்துவிடுதல் எளிது. ஆனால் அவனிருந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தல் வேண்டும். பட்டினி கிடக்கச் சொன்ன நாட்கள் எத்தனை! நூலிற் கட்டிய உணவும் குழாயும் வெப்பமானியும் உட்புகுந்த நேரங்கள் எத்தனை! சாற்றை வடித்தபோது வயிற்றிலே ஒரு சோர்வும் தலைச்சுற்றும் உண்டாயின என்று போமன்றே எழுதியுள்ளார். இத்தனையும் அவன் நோயைத் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிறருடைய அறிவுக்காகச் செய்யப்பட்டவை. அவன் உடன்பட்டான் என்று ஒப்பந்தம் கூறுகிறது. வறியவனும் எழுத்தறியாதவனும் தன் உயிரைக் காத்தவருக்கு மறுமொழி சொல்லும்போது, அவ்வுடன்பாடு எவ்வளவுக்குச் சுதந்திரமானது?

மறுபுறத்தில், போமன்றைக் கொடியவர் என்பதும் நீதியாகாது. அவர் இல்லாவிடில் 1822 யூன் மாதத்திலேயே அவன் மண்ணுக்கிரையாகியிருப்பான். ஊரார் கைவிட்டபோது அவர் கைவிடவில்லை. சோதனைக்கு உட்படுபவனின் சம்மதம் வேண்டும், கூலி வேண்டும் என்று எழுத்தில் வைத்ததே அக்காலத்துக்குப் புதுமை. மனிதரைக்கொண்டு சோதனை செய்வதற்கு அவரது தானான சம்மதம் இன்றியமையாதது என்று நூரம்பேர்க் நீதிமன்றம் விதி வகுத்தது 1947 இலேதான். செலவிற் பெரும்பகுதியைப் போமன்ற் தம் கையிலிருந்தே கொடுத்தார்; அதனை ஈடுசெய்யுமாறு காங்கிரஸ் சபைக்கு அவர் செய்த விண்ணப்பம் நிறைவேறவில்லை. இரக்கமும் ஆர்வமும் அவர் நெஞ்சில் ஒரே வேளையில் இருந்தன என்று கொள்வதே பொருந்தும். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் ஆர்வம் ஓங்க ஓங்க, எதிரே இருப்பவன் மனிதன் என்பது மறைந்து, அவன் வயிறு மாத்திரமே கண்ணுக்குத் தெரியும் அபாயம் உண்டு. அந்த அபாயத்திலிருந்து அவர் முற்றாகத் தப்பினார் என்று கூறமுடியாது.

1834 இல் மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரப் பகுதிக்கு மாற்றப்பட்ட போமன்ற், லவெல் 1836 இல் இறந்தபின் புதிய தலைவரோடு ஒத்துப்போக இயலாமல், தம்மைப் புளோரிடாவுக்கு அனுப்பும் கட்டளை பிறந்தபோது பதவியைத் துறந்தார். 1840 இல் அவரது இராணுவ வாழ்வு முடிந்தது. அந்நகரிலே தனியாகத் தொழில் செய்து வருகையில், 1853 ஆம் ஆண்டு பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி வீழ்ந்து, அக்காயத்தின் விளைவால் ஏப்பிரல் 25 ஆந் திகதி காலமானார்.

சென் மாட்டின் அவருக்குப்பின் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தான். 1856 இல் ஒருவர் அவனை நகரந்தோறும் அழைத்துச் சென்று காட்சிப்பொருளாக்கினார். 1880 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆந் திகதி கியூபெக் மாகாணத்திலே அவன் இறந்தபோது, மொன்றியாலிலிருந்த வில்லியம் ஒஸ்லர் என்னும் புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியர் அவ்விரைப்பையை ஆராய்ச்சிக்குப் பெற விரும்பினார். குடும்பத்தினர் உடன்படவில்லை. கோடை வெப்பத்திலே உடலை நான்கு நாள் வைத்திருந்து, அது பயன்படாத நிலை அடைந்தபின், எட்டடி ஆழத்திலே புதைத்துவிட்டனர். எவரும் தோண்டி எடுத்தல் கூடாது என்பதே அவர்கள் நோக்கம்.

அச்செயலைப் பாமர மக்களின் அறியாமை என்று பலர் எழுதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஐம்பத்தெட்டாண்டுக் காலம் உலகத்தார் பார்வைக்குத் திறந்து கிடந்த ஓர் உடலை, இறுதியிலேனும் அவனுக்கே உரியதாக்கிக் கொடுக்க அவன் மனைவி மக்கள் விரும்பினர். 1962 இல் கனேடிய உடற்றொழிலியல் அறிஞர்கள் அவனுடைய கல்லறை உள்ள ஊரிலே ஒரு நினைவுப் பலகை நாட்டி, தன் துன்பத்தினால் மனிதகுலம் முழுவதற்கும் தொண்டு செய்தவன் என்று அவனைப் போற்றினர். வைத்தியருடைய பெயரால் மருத்துவமனைகள் விளங்க, தோணிக்காரனுக்கு ஒரு பலகை கிடைக்க எண்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

சமிபாட்டைப் பற்றிய பாடத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, அமிலத்தின் பெயரோடு இவ்விரு மனிதரின் பெயரையும் சொல்லிக் கொடுத்தல் நன்று. அறிவு எவ்வாறு தேடப்படுகின்றது என்பதை ஒருவரிடமும், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை மற்றவரிடமும் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.